சாட்சி சொல்லப் போன வீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரட்டை வீடுகள் மலைச்சரிவு முழுக்க வரிசையாக நிற்கும் இடத்தில், கோகிலம் என்ற பெண்ணின் வீடு ஒரு புதன்கிழமை காலை அவள் பின்னாலேயே கிளம்பி விசா அலுவலகத்துக்குப் போனது. அது போனதைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், பார்க்காதவர்களும் பார்த்ததாகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அன்றைக்குத் தெருவில் இல்லாமல் போனது பிற்பாடு ஒரு குறையாகிவிட்டது.

கோகிலம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள். கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர்களின் வம்சம். வெள்ளைக்கார அரசாங்கம் நல்ல நிலத்திலிருந்து தமிழர்களைக் கிளப்பி மலைமேல் கொண்டுவந்து கொட்டியபோது அவள் மாமனாருக்கு ஒதுக்கிய வீடு அது; முன்னால் இரண்டு அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் அவள் கணவன் பூபாலன் தகரம் அடித்து இறக்கிய ஒரு சார்ப்பு, மேலே ஓடும் தண்ணீர்க் குழாய் ஒழுகி ஒழுகிச் சுவரில் இறங்கிய துருக்கறை. பூபாலன் நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சரேஷ்னி. அவள் படிக்கப் போன ஐரோப்பிய நாட்டிலேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, இப்போது அங்கே வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

"அம்மா, நீ வந்து பிள்ளையைக் குளிப்பாட்டணும்," என்று அவள் போனில் சொன்னாள். "எனக்கு இங்க யாரும் இல்லை. சுற்றுலா விசா போதும்."

அந்த விசாவுக்கு என்னென்ன கேட்பார்கள் என்று அவள்தான் விசாரித்துச் சொன்னாள். போன் சமையலறை மேசைமேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது, பூபாலன் குழாயடியில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார், எனவே அவள் சொன்னதை அவரும் கேட்டார்.

"நீ திரும்பி வருவேன்னு அவங்க நம்பணும்மா. அதுதான் முக்கியம். ஆப்பிரிக்கா பாஸ்போர்ட்டுன்னாலே சந்தேகம்தான். நம்ம வீட்டைப் பார்த்தா, இதுக்காக யாரு திரும்பி வருவான்னு நினைப்பாங்க. தனம் அத்தை வீட்டு விலாசத்தைப் போடு, அந்த வீட்டுப் படத்தையும் ஒட்டு. அப்பா பிசினஸ்னு போடு."

தனம் என்பது பூபாலனின் தங்கை. கடலைப் பார்த்த மேட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டில் இருந்தாள். கோகிலம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கத்தியைக் கழுவினார்.

"எழுதிக்கோ," என்றார். "பாப்பா சொல்றது சரிதான்."

அப்படியே எழுதினாள்.

அந்தப் புதன்கிழமை அவள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாள். அவள் ஏறிய பஸ் வளைவில் மறைந்ததும், சேற்றைத் தாண்டப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் பெண்ணைப் போல வீடு தன் அடித்தளத்தைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து நோகாமல் பிரிந்து, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கியது. பக்கத்துப் பாதியில் இருந்த சிந்தாமணி அக்கா அடுப்பில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கச் சுவர் இல்லாமல் போய் வானமும் மலையும் எதிரே தெரிந்ததும் அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்த போர்வைகள் இரண்டை எடுத்துத் திறந்த பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, கருகுவதற்குள் திரும்பி வந்து கிழங்கைப் புரட்டினாள்.

பூபாலன் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், தனக்குத்தான் பிரஷர் கூடிவிட்டதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜன்னலில் பழைய பஸ் டிப்போ கடந்துபோவதைக் கண்டு, போய் கேஸை அணைத்தார். எந்த வழியில் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வழியில் அவர் ஆயுசில் பாதி ஓட்டியிருக்கிறார். எனவே நெடுஞ்சாலையில் லாரிகள் சத்தம் போட்டபோது, "இடது பக்கமாவே போ, அவசரம் இல்லை," என்று வீட்டிடம் சொன்னார். நகரத்துக்குள் நுழைந்ததும், "அடுத்த சிக்னல்ல திரும்பு," என்றார். வீடு திரும்பியது. போகும் வழியில் மேசைமேல் கிடந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தவர், வீடு கிளம்பியதற்குக் காரணம் அதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

விசா அலுவலக வாசலில் எப்போதும் போலக் கூட்டம் கட்டிடத்தைச் சுற்றி நின்றது. வீடு வந்து நின்றதும் காவலாளி எழுந்து வந்து, கேட்டை மறைக்க வேண்டாம், சற்றுத் தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினான். வீடு தள்ளி நின்றது. அது வந்த சிறிது நேரத்தில் வரிசை அதன் நிழலுக்கு வளைந்துகொண்டது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஆள், தன் பழைய வெள்ளைத் துணியைச் சுருட்டிவிட்டு, வீட்டின் பக்கச் சுவர் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஆட்களை அதன்முன் நிறுத்திப் படம் எடுத்தான். குழந்தை வைத்திருந்த பெண்கள் உள்ளே போய்ப் பாலைச் சுடவைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் வீடு எப்படி வந்தது என்று கேட்கவில்லை. வங்கிக் கணக்கும் சம்பளச் சீட்டும் கல்யாணப் பத்திரமும் சுமந்து வந்திருந்த அந்தக் கூட்டத்துக்கு, வீட்டையே கொண்டுவந்த ஒருவர் இருப்பது பொறாமைப்படக்கூடிய விஷயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கோகிலத்துக்கு முன்னால் நோமுசா என்ற சூலூ இனப் பெண் நின்றாள். தேவாலயப் பாட்டுக்குழுவோடு வெளிநாடு போகிறவள். அவள் வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னாள்.

"உள்ள ஒரு நல்ல மனுஷன் இருக்காரு ஆன்ட்டி. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாரு. மனைவியைத் தேடி வந்தாராம். யாரு வீடுன்னு தெரியலை, கொடுத்து வச்சவங்க. திரும்பி வருவீங்களான்னு கேட்டா, கையை நீட்டிக் காட்டினா போதும்."

கோகிலம் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் துருக்கறையையும் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை வைத்து ஒட்டிய ஜன்னலையும் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. சார்ப்புக் கொடியில் தன் உள்பாவாடை காய்ந்துகொண்டிருக்கும் என்பதும், இந்த நடுத்தெருவில், இத்தனை பேர் முன்னால் அது காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் என்பதும் தெரிந்தது.

"எந்த வீடு?" என்றாள்.

நோமுசா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையின் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே கவுன்ட்டரில் ஒரு இளம்பெண் இருந்தாள். மரியாதையான பெண். கோகிலத்தின் விரல்களைக் கண்ணாடித் தகட்டில் வைக்கச் சொன்னாள். வாழ்நாள் முழுக்கத் துணியைத் தள்ளித் தள்ளிக் கோகிலத்தின் விரல்நுனிகளில் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் இயந்திரம் அவளை ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. க்ரீம் தடவி வைத்தாள். "ஒண்ணும் பயமில்லை ஆன்ட்டி, அழுத்தி வையுங்க," என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, பின்னால் காத்திருப்பவர்கள் எல்லோரும் தன் கையையே பார்ப்பது போலக் கோகிலத்துக்குக் கழுத்து வேர்த்தது. கடைசியில் இயந்திரம் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டது. பெண் ஒரு தாளை நீட்டினாள்.

"படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. எழுதியிருக்கறது எல்லாம் உண்மைன்னு உறுதிமொழி."

எழுத்துகள் எறும்பு மாதிரி கலைந்தன. கோகிலம் தாளை நீட்டிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். அப்போதுதான் கவுன்ட்டரை அடுத்த ஜன்னலுக்கு வெளியே வீடு மெல்ல நகர்ந்து வந்து, தன் குளியலறை ஜன்னலை அந்த ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பூபாலன் பனியனோடு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துபோய், கையில் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தெரிந்தார்.

"கோகி," என்றார். "கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டே."

கூடம் முழுக்கக் கேட்டது. கவுன்ட்டர் பெண் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு தன் முன்னால் இருந்த விண்ணப்பத்தை, அதில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சுவர் வீட்டின் படத்தைப் பார்த்தாள்.

"உங்களையா கூப்பிடறாரு?"

"இல்லை," என்றாள் கோகிலம்.

"அந்த வீடு உங்களோடதில்லையா?"

"எனக்குத் தெரியாது. எங்க ஆளுங்கள்ல கோகின்னு நிறையப் பேர் இருக்காங்க. அவரை நான் பார்த்ததே இல்லை."

இதைச் சொல்லும்போது அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாவிட்டாலும் தூரத்திலிருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கையிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் குனிந்து பார்த்து, பனியன் ஓரத்தால் அதைத் துடைத்தார்.

"மன்னிக்கணும்," என்றார் கவுன்ட்டர் பெண்ணிடம். "ஆள் மாறிப்போச்சு."

வீடு பின்னால் நகர்ந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்காகச் சற்றுப் பொறுத்து, குழந்தைக்காரிகள் இறங்கும்வரை நின்று, பிறகு வந்த வழியே போனது. நோமுசா பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து வந்து, கேட்காமலே தாளை வாங்கி, உறுதிமொழியை வரிவரியாகக் கோகிலத்துக்குப் படித்துக் காட்டினாள். கோகிலம் கையெழுத்துப் போட்டாள்.

அன்று அவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. ஊரைச் சுற்றும் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் அதிலேயே திரும்பி வந்து, மறுபடி போய், பொழுது சாயும்போதுதான் மலையேறினாள். வீடு அவளுக்கு முன்னால் வந்து தன் இடத்தில் நின்றிருந்தது. ஆனால் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. வாசல் மலைப்பக்கம் போய்விட்டது. தெருவைப் பார்த்துத் தகரச் சார்ப்பும் சாக்கடைக் குழாயும் கொடித்துணியும் இருந்தன. சிந்தாமணி அக்காவின் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

மேசைமேல் மூக்குக்கண்ணாடி இருந்தது. பூபாலன் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தார்.

போட்டோ எடுப்பவன் பக்கத்துத் தெருக்காரன் என்பதால், கோகிலம் என்ன சொன்னாள் என்பது அவள் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்தபோதே மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தபால்காரர் சார்ப்பைச் சுற்றி, ஈரத்துணிகளை ஒதுக்கிக்கொண்டு, மலைப்பக்கம் போய்க் கதவைத் தட்டப் பழகிக்கொண்டார். காவடி வசூலுக்கு வந்த கோவில்காரர்களும் சுற்றிக்கொண்டே வந்து, இந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிந்தாமணி அக்கா இடைவெளியில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை நட்டாள். கோகிலத்துக்கு வாழைப்பழமும் பருப்புக் கறியும் வந்துகொண்டே இருந்தன. பழம் கொண்டுவந்த ஒருத்தி, தானும் தன் புருஷனை ஒருமுறை மகன் பள்ளியில் தோட்டக்காரர் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்; இன்னொருத்தி, கறுப்பாயிருந்த தன் தாயை ஆஸ்பத்திரியில் வேலைக்காரி என்று சொன்னதை, கூடையைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் திட்டியிருந்தால் கோகிலம் தாங்கியிருப்பாள். இந்தக் கருணையைத் தாங்க முடியாமல் அவள் பகலில் வெளியே போவதை நிறுத்தினாள்.

பூபாலன் முன்பு போலத்தான் இருந்தார். டீ போட்டால் அவளுக்கும் ஊற்றினார், மகளோடு பேசும்போது சிரித்தார். ஆனால் படுக்கையறைக்குள் வருவதற்கு முன் கதவைத் தட்ட ஆரம்பித்தார். உள்ளே வரலாமா என்று கேட்பதில்லை. விரலால் மெல்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் கோகிலம் எழுந்து உட்கார்ந்தாள்.

விசா கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்த கூரியர்காரன் வாசலைத் தேடி வீட்டைச் சுற்றிவந்தான். விண்ணப்பத்தில் போட்ட விலாசத்துக்குப் போய், தனத்தின் வேலைக்காரி சொல்லி இங்கே அனுப்பப்பட்டவன், எரிச்சலோடு இருந்தான். கோகிலம் தலை குளித்து ஈரத்தோடு இருந்ததால் பூபாலன் கதவைத் திறந்தார். அவன் கருவியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான்.

"அந்தம்மாவுக்கு நீங்க என்ன உறவு? அதையும் போடணும்."

பூபாலன் திரும்பி, கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தார். குத்திக்காட்டும் ஆள் இல்லை அவர். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

"என்னன்னு எழுதட்டும்?"

கோகிலம் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கூரியர்காரன் ஏதாவது எழுதுங்கள் சார் என்றான்.

"பக்கத்து வீடுன்னு போட்டுக்கறேன்," என்றார் பூபாலன். போட்டுக்கொடுத்தார்.

மறுநாள் காலை கோகிலம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். "நீ போயிட்டு வா," என்றார் அவர். வீடும் அசையவில்லை.

அதே பெண்தான் கவுன்ட்டரில் இருந்தாள்.

"அன்னைக்கு வந்த வீடு என்னோடது," என்றாள் கோகிலம். "அந்தப் படத்தில இருக்கறது என் நாத்தனார் வீடு. ஜன்னல்ல நின்னது என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டினவர்."

பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் ஆன்ட்டி. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. விசாதான் வந்துருச்சே, போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு வாங்க. இப்ப நீங்க சொன்னதை நான் மேல சொன்னா, அதை எடுத்துடுவாங்க. திரும்பக் கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க."

"சொல்லும்மா," என்றாள் கோகிலம். "அவரை எனக்குத் தெரியாதுன்னு உன்கிட்டதான் சொன்னேன். அதனால உன்கிட்டதான் வரணும்."

விசாவுக்கு மேல் ரத்து முத்திரை அடித்துத்தான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், வளைவு தாண்டியதும் வீடு தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும் என்று அவள் நம்பிக்கொண்டே வந்தாள். வளைவு வருவதற்கு முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு விட்ட இடத்தில் விட்டபடி முதுகைக் காட்டித்தான் நின்றது.

பூபாலன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"என்னன்னு?"

"என் வீடுன்னு. என் வீட்டுக்காரருன்னு."

அவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "விசா?"

"எடுத்துட்டாங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்தார், அது வெங்காயத்தாலும் இருக்கலாம். "பாப்பாவுக்கு அங்க யாரு இருக்கா?" என்றார்.

சரேஷ்னியிடம் அவளே போனில் சொன்னாள். "எனக்காகப் பொய் சொன்னே. அதை எனக்காகவே மறைச்சு வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் பையன் பிறந்தான். மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு தாதி அவனைக் குளிப்பாட்டுகிற வீடியோவைச் சரேஷ்னி அப்பாவுக்கு மட்டும் அனுப்பினாள். அவர் அதைக் கோகிலத்துக்குக் காட்டினார். அந்தத் தாதி பிள்ளையின் தலையைச் சரியாகத்தான் தாங்கியிருந்தாள்.

வீடு தெருப்பக்கம் திரும்பவேயில்லை. கோவில் ஐயர் வந்து கற்பூரம் காட்டிப் பார்த்தார். சிந்தாமணி அக்கா சுவரைத் தட்டி, போதும் விடு என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபாலன் சாக்குக்கட்டியை எடுத்துச் சமையலறையின் தெருப்பக்கச் சுவரில், குழாயடிக்கும் அடுப்புக்கும் நடுவே, ஒரு ஆள் உயரத்துக்குக் கோடு போட்டார். கோகிலம் என்னவென்று கேட்கவில்லை. மசாலா டப்பாக்களை எடுத்து மேசைக்கு மாற்றினாள். மதியத்துக்குள் தெருவே சுத்தியலோடு வந்துவிட்டது. போட்டோக்காரனும் வந்தான், தலையை நிமிர்த்தாமல் செங்கல் சுமந்தான். சார்ப்பைப் பிரித்துச் சுவரை உடைத்து, இடித்த பள்ளிக்கூடம் ஒன்றின் பச்சைக் கதவைக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

"சமையல்கட்டு வழியாவா வீட்டுக்குள்ள வர்றது?" என்றாள் சிந்தாமணி அக்கா.

"வர்றவங்க வரட்டும்," என்றாள் கோகிலம்.

முதல் மாதங்களில் கதவு தட்டும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தாள், பழைய கறிச்சட்டியை மேசைக்கடியில் தள்ளினாள். பிறகு ஒருநாள் தட்டியபோது கை மாவாக இருந்தது, அப்படியே போய்த் திறந்தாள். பூபாலன் எப்போது படுக்கையறைக் கதவைத் தட்டுவதை விட்டார் என்று அவளுக்கு நினைவில்லை. விட்டுவிட்டார் என்று ஒரு காலையில்தான் கவனித்தாள்.

சரேஷ்னியின் கோபம் ஆற ஒரு வருடத்துக்கு மேலானது. புருஷனையும் நடக்கத் தொடங்கியிருந்த மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களுக்கு விசா தேவைப்படவில்லை. டாக்சி நின்றதும் தெருக்காரர்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள், உயரமான அந்த மருமகன் குனிந்து பச்சைக் கதவுக்குள் நுழைந்தான். உள்ளே காலைப் பாத்திரங்கள் கழுவாமல் குவிந்திருந்தன. அடுப்புக்கு மேலே சுவர் புகைபிடித்துக் கிடந்தது. சரேஷ்னி முகம் சிவந்து, பேசிக்கொண்டே இரண்டெட்டு வைத்து, குழாயடியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டபடி நின்றாள்.

கோகிலம் மகளின் தோளைப் பிடித்து, நோகாமல் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, பாத்திரங்களுக்கு நடுவே கைகழுவ மருமகனுக்கு இடம் செய்து கொடுத்தாள்.